நெல்லிக்காய் அளவில் ஒரு கல்

ஜூன் 12, புதன்

இன்றும் ஒரு கல் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஹால் ஜன்னல் விளிம்பில் மற்றவற்றின் பக்கத்தில் வைத்தார். இதோடு ஐந்து. தூசி தட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டும். வரிசை மாறினால் கண்டுபிடித்துவிடுகிறார். ஆயுசு முழுக்க மின்வாரியத்தில் மீட்டர் பார்த்த கண்.

வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வெறும் மண். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி, இரண்டுக்கும் நடுவில் தொட்டாற்சிணுங்கி. அங்கே கல் பரப்ப வேண்டுமாம். போன கார்த்திகையில் பக்கவாட்டுச் சந்தில் பாசி வழுக்கி விழுந்து நான் மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து இந்தப் பேச்சு. சிமெண்ட் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும் என்றேன். சிமெண்டில்தான் பாசி பிடிக்கும், மழைத் தண்ணீரும் கீழே இறங்காது என்றார். சரி, ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? அதற்கு இத்தனை ஆராய்ச்சியா?

ஓய்வு பெற்ற ஆண்களை ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சிலரை ஜோசியம், சிலரைப் பங்குச்சந்தை. கனகசபையைக் கல் பிடித்துக்கொண்டது. (டைரியில் பேரை எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள்?) நானும் முப்பது வருஷம் தபாலாபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்து எழுந்தவள்தான். என்னை அலுப்பு மட்டும்தான் பிடித்திருக்கிறது.

மாவு அரைத்தேன். இரண்டு போர்வை துவைத்தேன். அவர் இன்றும் ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டார்.

ஜூன் 19, புதன்

பைபாஸ் ரோட்டில் இருக்கும் கல் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் சவரிமுத்து, பெரிய மீசை, சாந்தமான மனுஷர். திறந்தவெளியில் வரிசையாகக் குவியல்கள். நல்ல வெயில்.

"செருப்பக் கழட்டிட்டு இதுமேல ஏறி நாலு அடி நட, அம்சா."

"நான் என்ன தீ மிதிக்கவா வந்திருக்கேன்?"

"சும்மா நடந்து பாரேன்."

நடந்தேன். நீல ஜல்லி குத்தியது. செம்மண் கிராவல் காலெல்லாம் ஒட்டிக்கொண்டது, இரண்டு மழையில் அதுவும் சேறாகிவிடும் என்று சவரிமுத்துவே ஒப்புக்கொண்டார். வெள்ளைக் கூழாங்கல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரிய பங்களாக்களில் செடிகளைச் சுற்றிப் போட்டிருப்பார்களே, அது. கால் வைத்ததும் உருண்டது, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். உடனே "இது வேணாம் சவரிமுத்து" என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சார், எல்லாரும் இதத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"எல்லாரும் வாங்கட்டும்."

திரும்பி வரும்போது நான் பேசவில்லை. அவருக்கும் பேச மூச்சு இல்லை. கல் கடையிலிருந்து ரோட்டுக்கு நூறு அடி இருக்குமா? மூன்று இடத்தில் நின்றார். வெயில் என்றார்.

ஜூன் 27, வியாழன்

ஆஸ்பத்திரி. ஸ்கேன் ரிசல்ட். டோக்கன் நாற்பத்தி இரண்டு.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துக் கொடுக்கச் சொன்னார். எண்ணெய், உப்பு எதையும் இனிமேல் பார்க்க வேண்டாம் என்றார். மற்றதை இங்கே எழுதப்போவதில்லை.

வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்றார்.

"பத்தியம் வேண்டாமாம்."

"நல்லதாப் போச்சு. அப்ப பைபாஸ் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டுப் போயிரலாம்."

கல் கடையில் ஆட்டோவிலிருந்து அவரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் ஒருத்தி, சவரிமுத்து ஒருவர். ஜன்னலில் இப்போது எட்டுக் கல்.

ஜூலை 5, வெள்ளி

புனேவிலிருந்து முகுந்தன் போன் செய்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நன்றாக இருக்கிறார், கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

கல் முடிவாகிவிட்டது, அப்பாடா.

ஒன்பதாவது குவியல். தேன் நிறம். உடைத்த கல்தான், ஆனால் மிஷினில் போட்டு உருட்டி ஓரமெல்லாம் மழுங்கடித்தது. கூழாங்கல் மாதிரி உருளவும் இல்லை, ஜல்லி மாதிரி குத்தவும் இல்லை. ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. வழக்கம்போல் ஏறி நட என்றார், ஏறினேன். நாக்கு வறண்டுவிட்டது. அங்கே நின்றபடியே சவரிமுத்துவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்துப் பார்த்தால், இவர் கல்லைக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இதுதான்" என்கிறார். மூன்று வாரம் என்னை வெயிலில் காயப்போட்டது இதற்குத்தானா என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரமே கொண்டுவரச் சொல்வதாக இருந்தது. சாயங்காலம் பெரிய நாத்தனார் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், எழுபத்திரண்டு வயது. சௌந்தரவல்லி அண்ணி வந்தால் வீட்டில் நாற்காலிகள்கூட நேராக நிற்கும்.

"ஆடி பொறக்கப்போவுது. ஆடியில எவனாவது வீட்டு வேலை தொடங்குவானா? ஆவணியில பாத்துக்க."

"ஆவணி வரைக்கும் ஆவுமாக்கா?" என்றார் இவர்.

"ஒரு மாசந்தானடா, ஓடியா போயிரும்?"

எல்லாவற்றுக்கும் வாதாடுகிறவர், அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சவரிமுத்துவுக்குப் போன் போட்டார். "ஆவணி ஏழு, வெள்ளிக்கிழமை. வீட்டுல ஆள் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, கல்லு வந்துரணும். கொட்டி, மூணு பக்கமும் பரப்பிட்டுத்தான் ஆளுங்க போகணும்."

ஆள் இல்லாமல் நாங்கள் எங்கே போகப்போகிறோம்?

ஜூலை 23, செவ்வாய்

படுக்கை விரிப்பு மூன்று துவைத்தேன். சந்தில் கொடி கட்டியிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் உலர்த்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பினேன். விழுந்ததிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேணும்?" என்றேன். ஒன்றும் வேண்டாமாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். தயிர் சாதத்தில் இரண்டு கரண்டி சாப்பிட்டார். மீதியை நானும் வேலைக்கு வரும் சின்னப்பொண்ணும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கல் பராமரிப்பு வகுப்பு நடந்தது. படுத்தபடியே சொன்னார். களை தலையைத் தூக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், வளர விட்டால் கல்லையும் சேர்த்துக் கிளப்பும். மாதம் ஒரு தடவை பல் வைத்த வாருகோலால் லேசாகக் கீறிவிட்டால் போதும். உதிர்ந்த இலை கல்லுக்குள் மக்கினால் அதுவே மண்ணாகிவிடும், அதனால் இலையை விடக்கூடாது. ஓரத்தில் செங்கல் பதிக்காவிட்டால் கல் எல்லாம் ரோட்டுக்குப் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் மேல்கல் போட வேண்டும்.

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நீங்கதானே பாத்துக்கப்போறீங்க?"

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

காலை ஐந்தே கால்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது.

முகுந்தன் வந்து எல்லாம் முறைப்படி செய்தான். என் நெற்றியிலும் கையிலும் கை வைக்கச் சிலர் வந்தார்கள். "அதெல்லாம் அவ இஷ்டம், போங்கடி" என்று அண்ணி விரட்டிவிட்டார். அவரிடமிருந்து நான் எதிர்பார்க்காதது அது.

நேற்று கல் நட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இது உண்டு. வாசல் ஓரம் சின்னக் குழி பறித்து, ஒரு கல்லைக் கழுவி நட்டு, போனவரை அதில் வந்து இருக்கச் சொல்லி அழைப்பார்கள். தினமும் நல்லெண்ணெயும் பாலும் தண்ணீரும் ஊற்றி, ஒரு கவளம் சோறு வைத்து, மேலே ஒரு பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு அகல் விளக்கு. பதினைந்தாம் நாள் அந்தக் கல்லைப் பிடுங்கிக் காவிரியில் விடுவார்கள். அதுவரைக்கும் ஆள் வீட்டில் இருக்கிறார். அதற்குப் பிறகு இல்லை.

புரோகிதர் ஒரு நல்ல கல் கேட்டார். இந்த மண் வீட்டில் கல்லுக்கு எங்கே போவது? முகுந்தன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னல் விளிம்பிலிருந்து கடைசிக் கல்லை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பதாவது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வருகிறவர்களுக்குக் காபி. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், நானும் ஒரே பதிலைச் சொல்கிறேன். கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை, உட்கார்ந்தால் வருகிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சுருக்கமாக எழுதுகிறேன்.

மத்தியானம் முகுந்தன் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனான். அண்ணி தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தன் வீட்டுக்குப் போனார். "வெளக்கு அணையாமப் பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கண் அசந்துவிட்டேன். எழுந்து வாசலுக்கு வந்தால், வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் கல். தேன் நிறத்தில், சமமாக, மட்டம் பிடித்த மாதிரி. டிப்பர் லாரியில் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் கொட்டி, ஆட்கள் பரப்பிவிட்டும் போய்விட்டார்கள்.

ஆவணி ஏழு. எனக்கு ஞாபகமே இல்லை.

கேட்டு மூலையில் பானை இருந்த இடத்தில் பானை ஓடு. விளக்கும் ஓடுதான். லாரிச் சக்கரம் ஏறி மண் குழம்பிக் கிடந்தது. கல்லைத் தேடினால், எல்லாமே அந்தக் கல்தான்.

ஆகஸ்ட் 24, சனி

கேட்டு மூலையில் தோண்டிப் பார்த்தோம். மண்ணில் அழுந்தியிருந்ததே நாற்பது ஐம்பது கல். அங்கே கொட்டியதைத்தான் ஆட்கள் முதலில் வாரிப் பின்பக்கம் கொண்டுபோயிருப்பார்கள் என்று முகுந்தன் சொன்னான்.

அண்ணி ஒவ்வொரு கல்லாக எடுத்து முகர்ந்து பார்த்தார். எட்டு நாள் எண்ணெய் குடித்த கல்லாயிற்றே, வாடை இருக்குமாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்தேன். இரண்டு கிழவிகள் கல்லை மோந்து பார்ப்பதை ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலு மணிக்கு மழை. ஒரு மணி நேரம் விடாமல் கழுவி எடுத்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சின்னப்பொண்ணு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"கல்லு மேல கால வெக்க மாட்டேம்மா. ஐயா எதுல இருக்காருன்னு யாரு கண்டா?"

பின்பக்கச் சுவர் ஓரமாக ஒரு பலகை போட்டுக் கொடுத்தேன். அதன்மேல் நடந்து வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனாள். முகுந்தனும் கேட்டிலிருந்து வாசற்படிக்கு எட்டி எட்டித் தாண்டுகிறான். நடப்பதற்காகப் போட்ட கல்லில் இந்த வீட்டில் ஒருவரும் நடக்கவில்லை.

புரோகிதரைக் கேட்டோம். வேறு கல் நட்டு மறுபடி அழைத்துக்கொள்ளலாம், சாஸ்திரத்தில் இடமுண்டு என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"புதுக் கல்லத் தண்ணியில விட்டுட்டா, பழசுல இருக்கறவன் என்னடா ஆவான்? வாறவன் போறவன் செருப்புக் காலுக்குக் கீழ கெடப்பானா என் தம்பி?"

அண்ணி சொல்வது இதுதான். புதன்கிழமைக்குள் கல் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும், ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. அது நடக்கும்வரை இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்.

"அனுப்பிடலாம்மா. நமக்கு எதுக்கு இந்தக் கல்லு?" என்றான் முகுந்தன். சவரிமுத்துவுக்குப் போன் செய்து, நாளைக்கு லாரியோடு வரச் சொல்லிவிட்டான். நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

சவரிமுத்து லாரியோடு வந்தார். கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்றார்.

"எனக்குத் தெரியாதும்மா. ஐயா தவறுனது தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பியிருப்பேன். ஆவணி ஏழுன்னு அவரு சொன்னதையே மனசுல வெச்சிருந்துட்டேன்."

"உங்க மேல என்ன தப்பு இருக்கு?" என்றேன்.

ஆட்களை இறங்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாட்டி சலிச்ச கல்லும்மா இது. தட்டக் கல்லு ஒன்னுகூட இருக்கக் கூடாதுன்னு நாற்காலி போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. நீங்க தண்ணி குடிச்சீங்கல்ல, அன்னிக்குத்தான் முடிவு பண்ணாரு."

"தண்ணி குடிச்சதுக்கும் கல்லுக்கும் என்ன?"

"எட்டுக் குவியல்லயும் நீங்க அவரு தோளையோ என் கையையோ புடிச்சீங்க. இதுல மட்டும் ரெண்டு கையாலயும் சொம்பப் புடிச்சி, அண்ணாந்து குடிச்சீங்க. 'அவ செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கறா சவரிமுத்து, நான் இருக்கற வரைக்கும் பரவால்ல'ன்னாரு. நீங்க உள்ள கை கழுவிக்கிட்டிருந்தீங்க."

ஆட்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். வேண்டாம், போங்கள் என்றேன். முகுந்தன் "அம்மா" என்றான். போகச் சொல் என்றேன். லாரி காலியாகவே போயிற்று. அண்ணி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நான் அவரைக் கல் பைத்தியம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அந்தக் குவியல்களில் ஏறினேன். ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்துவிட்டாரோ என்னவோ. அழுதேன். இந்தப் பதின்மூன்று நாளில் இன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன்.

இன்னொன்று. இருபத்துமூன்றாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். லாரி வந்தபோது நான் முழுக்கத் தூங்கவில்லை. ஹாரன் கேட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். டிரைவர், "கேட்டுக்குப் பக்கத்துல கொட்டட்டுங்களாம்மா?" என்று கேட்டார். அவர் சொன்ன கல், அவர் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. அவர் உள்ளே படுத்திருக்கிறார், இப்போதுதான் கண் மூடினார், எழுப்பிவிடக் கூடாது என்று நினைத்தேன். "சத்தம் போடாம கொட்டிட்டுப் போங்க" என்றேன். அந்த ஒரு நிமிஷம் அவர் செத்துப்போனது எனக்கு மறந்துவிட்டது.

திரும்பிப் போய்ப் படுத்தேன். கல் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்து மாதக்கணக்காகிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையிலிருந்து மறுபடி கல் பொறுக்கல். அண்ணி என்னோடு பேசவில்லை. தண்ணீரைத் தன் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். முகர்ந்து பார்த்த கல் ஒரு பக்கெட்டில், பார்க்காதது வெளியே. பக்கெட் நிறைந்தால் முகுந்தன் கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டுவான். பதினோரு பக்கெட் ஆயிற்று. எதிலும் வாடை இல்லை. மழைக்கும் பால்வாடைக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் மூக்கே மரத்துப்போனது.

சாயங்காலம் முகுந்தன் கடைக்குப் போயிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அண்ணி, லாரிக்காரன கொட்டச் சொன்னது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், டிரைவர், சத்தம் போடாதே என்று சொன்னது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டுவார், திட்டட்டும், அதுவும் தீர்ந்துவிடும் என்று இருந்தது.

அண்ணி கையிலிருந்த கல்லை முகர்ந்தார். பக்கெட்டில் போட்டார்.

"உள்ள படுத்திருக்கான்னு நெனச்சிட்டியா?"

"ஆமாங்க அண்ணி."

இன்னொரு கல்லை எடுத்தார். அதை முகரவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவன் ஆடிக்கு முன்னாடியே எறக்கறேன்னான். எறக்கியிருந்தா நீ இதுல நடக்கறத ஒரு நாளாச்சும் பாத்திருப்பான். நான்தான் ஆவணின்னேன்."

விளக்கு வைக்கும் நேரம்வரை பொறுக்கினோம். கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

கல் கிடைத்துவிட்டது.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு கல்.

"இந்தா பாரு, கெடச்சிருச்சு. நாந்தான் சொன்னேன்ல, வாடை போகாதுன்னு. மோந்து பாரு."

முகுந்தன் முகர்ந்து பார்த்து, "ஆமா அத்தை, எண்ணெய்!" என்று கத்தினான். புரோகிதர் முகர்ந்து தலையாட்டினார். என்னிடமும் நீட்டினார்கள். நல்லெண்ணெய்தான். கல் பளபளவென்று இருந்தது, என் விரலிலும் ஒட்டியது.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நேரமாவுது, கெளம்புங்க" என்று எல்லோரையும் விரட்டினார். பிறகு என் சமையலறைக்கு வந்து, என் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, நின்றபடியே குடித்தார்.

காவிரியில் இந்த வருஷம் நல்ல தண்ணீர். முகுந்தன் இடுப்பளவில் நின்று, திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் கல்லைப் போட்டான். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைக்குப் போனேன். எண்ணெய்த் தூக்கின் மூடி திறந்து கிடந்தது. மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காரியம் முடிந்தது. அறுபது பேர் சாப்பிட்டார்கள். எல்லோரும் கல்லின் மேல் செருப்போடு நடந்து போனார்கள். சின்னப்பொண்ணு பலகையை எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 31, சனி

அண்ணி வீட்டுக்குக் கிளம்பினார். முகுந்தன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஓரத்துக்குச் செங்கல் பதிக்கச் சொல்லு. இல்லாட்டி கல்லெல்லாம் ரோட்டுக்குப் போயிரும்" என்றார்.

"சரிங்க அண்ணி."

படியிறங்கி, செருப்பைப் போடப் போனவர் போடவில்லை. குனிந்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். கல்லின் மேல் வெறுங்காலோடு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் போய்த்தான் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

"என்ன அத்தை, செருப்பு கடிக்குதா?" என்று முகுந்தன் கேட்டது காதில் விழுந்தது.

"ஆமாண்டா, புதுச் செருப்பு."

போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த செருப்பு அது.

செப்டம்பர் 12, வியாழன்

முகுந்தன் புனேவுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. செங்கல் பதிக்க ஆள் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறான், வந்தால் உண்டு. ஜன்னலில் மிச்சமிருந்த எட்டுக் கல்லையும் துடைத்து அதே வரிசையில் வைத்தேன்.

காலையில் நல்ல மழை. கல்லுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, எங்கும் தேங்கவில்லை. மழை விட்டதும் துணி உலர்த்தச் சந்துக்குப் போனேன். கொடிக்குக் கீழே வந்து வாளியை இறக்கி வைக்கும்போதுதான் தெரிந்தது, வழி முழுக்க அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். செருப்பு வாசற்படியிலேயே கிடந்தது.